நாலு சில்லும் இழுக்கிற வண்டி

ரயில் பாலத்துக்குக் கீழே தேங்கிக் கிடந்த தண்ணீரின் நட்டநடுவில் வண்டி ஒருதரம் இருமிவிட்டு நின்றபோது நவரத்தினம் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பக்கத்து இருக்கையில் கிருசாந்தன், விடிய எழும்பி அயன் பிடித்து மினுக்கிய சட்டையோடு, முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தான்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நவரத்தினத்தின் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருப்பவன் கிருசாந்தன். இன்று அவனுக்குக் குரோய்டனில் அகதி விசாரணை. முதல்தரம் அவன் சொன்னது நம்பும்படியாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இது இரண்டாவதும் கடைசியும். இரவு கொட்டிய பனியின் மேல் காலையில் மழை பெய்ய, ரயிலும் இல்லை, டாக்சியும் இல்லை. அவன் கேளாமலே நவரத்தினம் வண்டித் திறப்பை எடுத்தார்.

எடுக்காமல் எப்படி? சுவிஸில் பனிக்குள் தான் ஜீப் ஓடிய கதையைக் கோயில் அன்னதான வரிசையில் எத்தனை வருசமாகச் சொல்லிவருகிறார். ஒரு மாரியில் பனி அப்படி உயர்ந்து, தெருவென்று நினைத்து அவர் ஜீப் ஓடியது ஒரு வீட்டுக் கூரையிலாம். உள்ளே படுத்திருந்த கிழவி எலி ஓடுகிறதென்று பூனையைத் தேடினாளாம். இன்னொருதரம் வெள்ளத்தில் ஒரு யன்னலால் வந்த மீனுக்கு மரியாதையாக மற்ற யன்னலைத் திறந்துவிட்டாராம். முகத்தில் ஒரு தசை அசையாமல் சொல்வார். உண்மையில் அங்கே அவர் உணவகத்தில் கோப்பை கழுவினார், வேலைக்கு டிராமில் போனார். அது மனைவி கலாவதிக்கு மட்டும் தெரியும். பென்ஷன் எடுத்தபிறகு வாங்கிய, நாலு சக்கரமும் இழுக்கிற இந்த வண்டி கோயிலுக்கு அப்பால் போனதில்லை.

பனியை ஒருமாதிரிச் சமாளித்தார். வண்டியை மெல்ல ஓடினார், பிரேக்கைத் தொடவில்லை. ஓரிடத்தில் வண்டி தானாகத் திரும்பியபோது அந்தப் பக்கம்தான் போக இருந்தவர்போல அமைதியாக இருந்தார். தண்ணீருக்குள் ஓடுகிற விதியும் அவருக்குத் தெரியும்: ஒரே சீராக, அலையை முன்னே தள்ளிக்கொண்டு போகவேண்டும், அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவே கூடாது. அலை பொனெட்டில் ஏறியது. கால் அவரைக் கேளாமலே எடுபட்டது.

இப்போது வெளித் தண்ணீர் கதவை அமத்திப் பிடித்திருந்தது. கரண்ட் யன்னல்கள் செத்துவிட்டன. நவரத்தினத்தின் போனில் அழைத்தபோது, வருகிறோம், ஆனால் லண்டன் முழுக்க இதே கதைதான், அசையாமல் இருங்கள் என்றது தீயணைப்புப் படை. உள்ளே ஊறிய தண்ணீர் குளிரக் குளிர முழங்காலுக்கு வந்திருந்தது.

கிருசாந்தன் கோபமில்லாமல் சொன்னான். "அண்ணை, நீங்கள் கூரையில ஜீப் ஓடினதை எல்லாரும் நம்பினம். நான் நடந்ததைத்தான் சொன்னனான்."

நவரத்தினம், எப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

"அழாமல் சொன்னனான். அதுதானோ தெரியாது."

அவன் ஏன் வரவில்லை என்று குரோய்டன் அலுவலகத்துக்கு உடனே யாராவது சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும்; சொல்லக்கூடியவர் அவனுடைய வக்கீல்தான். கிருசாந்தனின் போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. நவரத்தினத்தினதோ படம் எடுக்கத் தெரியாத பட்டன் போன். வக்கீல் கந்தோரில் போனை எடுத்தது அங்கே வேலை செய்கிற ரஜனி, அன்னதான வரிசையில் இவர் கதைகளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவள். அவர் உள்ளதை உள்ளபடி, ஒன்றும் கூட்டாமல் சொன்னார். பாலம், தண்ணீர், கதவு.

"அண்ணை, இண்டைக்கு இஞ்ச சரியான வேலை. உங்கட கதையைப் பிறகு கேக்கிறன்."

"கதையில்லை, ரஜனி."

"நீங்கள் எப்பவும் அப்பிடித்தானே தொடங்கிறது."

 அவர் போனைக் கிருசாந்தனிடம் நீட்டினார்.

"ஓம் அக்கா. உண்மைதான். தண்ணிக்குள்ளதான் இருக்கிறம்."

"உங்களையும் கதைக்குள்ள சேத்துப்போட்டாரோ?" அவள் சிரிப்பது நவரத்தினத்துக்கும் கேட்டது. பின்னால் இன்னொரு தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. வைக்கப்போகிறாள்.

நவரத்தினம் போனை வாங்கி, அவளுக்குக் கேட்கட்டும் என்று குனிந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒட்டினாற்போலப் பிடித்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஒரு சத்தமும் இல்லாமல். கிருசாந்தன் மினுக்கிய சட்டைக் கையை மடிக்காமலே உள்ளே விட்டு, போனுக்குக் கிட்டவாக, மெல்ல அளையத் தொடங்கினான்.