நெட்டையின் மெத்தை

பதினேழு வயது முடிந்தும் சின்னவனுக்குப் படுக்கை நனைவது நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். அம்மா, அப்பா, அண்ணன் தவிர வேறு ஈ காக்கைக்குத் தெரியாது. சித்தப்பா வீட்டுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவான். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அறிவித்தால் போதும், அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. காலையில் எழுந்து குளிக்கப் போவான். திரும்பி வருவதற்குள் விரிப்பு மாறியிருக்கும், மெத்தை திருப்பிப் போடப்பட்டிருக்கும். அம்மா பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷினில் உட்காருவதற்கு முன்பே காதும் காதும் வைத்த மாதிரி அந்த வேலையை முடித்துவிடுவாள். முகம் சுளித்ததில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனதுமில்லை. "வளர்ந்தா சரியாயிடும்" என்று அவனுடைய ஐந்து வயதில் சொன்னதைப் பதினேழிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லிப்ட் மெக்கானிக் பயிற்சிக்கு அவனுக்கு இடம் கிடைத்ததும் வீட்டில் பெரிய ரகளை. பயிற்சிக்கூடம் எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்தது. இரண்டு வருஷம் விடுதியில் தங்க வேண்டும்.

"எப்படிடா சமாளிப்பே? அங்க நானா வருவேன்?" என்றாள் அம்மா.

"நான் பார்த்துக்கறேன்மா."

"என்னத்தைப் பார்த்துப்பே? இது வரைக்கும் ஒரு விரிப்பை மடிச்சு வச்சிருக்கியா?"

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "போகட்டும் விடு. இவனை எத்தனை நாளைக்கு முந்தானையில முடிஞ்சு வச்சுக்கப் போறே?"

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி வந்து, மேலே நீலத் துணி வைத்துத் தைத்தாள். பார்த்தால் சாதாரணப் படுக்கை உறை. அவனை உட்காரச் சொல்லி, புரளச் சொல்லி, சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தாள். அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். மூன்று இரும்புக் கட்டில், மூன்று ஒரே மாதிரிப் பஞ்சு மெத்தை. அவனோடு இருந்தவர்களில் ஒருவன் நெட்டை. நின்றால் கதவு நிலையில் தலை இடிக்கும். இன்னொருவன் தைலம். தலைவலியோ கால்வலியோ, பரீட்சை பயமோ, எதுவானாலும் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து நெற்றியில் தேய்ப்பான். நெட்டை தினமும் விடிவதற்குள் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வருவான். ஓடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுவான். வந்த முதல் நாளே சின்னவனுடைய பெட்டியைத் தூக்கி வந்து, ஜன்னலோரக் கட்டிலைக் காட்டி, "இது உனக்கு. எனக்குக் கால் நீளம், ஜன்னல் இடிக்கும்" என்றான். இடிக்காது. சும்மா சொன்னான்.

சின்னவன் மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். கைபேசியைத் தலையணைக்கு அடியில் அதிர வைத்து ராத்திரியில் இரண்டு முறை எழுந்தான். ஐந்து வாரத்தில் மூன்றே முறைதான் படுக்கை நனைந்தது. மூன்று முறையும் நீல உறை காப்பாற்றியது. அதை மொட்டை மாடியில் மற்றவர்களுடைய துணிக்கு நடுவில் காயப்போட்டு எடுத்து வந்தான். அவனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்திருந்தது.

ஆறாவது வாரம், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் செய்முறைப் பயிற்சி. பகல் முழுக்கப் பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு லிப்ட் ஓடும் குழிக்குள் ஏறி இறங்கி, இரும்புக் கயிற்றுக்கு மசகு போட்டார்கள். உள்ளே காற்றே இல்லை. விடுதிக்கு வந்ததும் ஒரு கூஜா தண்ணீரை அப்படியே கவிழ்த்துக் குடித்தான். கைபேசியில் சார்ஜ் இல்லை. முதல் நாள் துவைத்த நீல உறை இன்னும் மாடியில் ஈரமாக இருந்தது. ஒரு நாள்தானே என்று படுத்தான். அடித்துப் போட்டதுபோல் தூக்கம்.

விழித்தபோது ஜன்னலில் லேசான வெளிச்சம். முதுகு முழுக்க ஈரம். நெட்டையின் கட்டில் காலி, ஓடப் போயிருந்தான். தைலம் சுவரைப் பார்த்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் செய்ததைச் சின்னவன் யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தான். மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், காயாவிட்டால் அப்போது வந்து திரும்ப மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான். தன் மெத்தையை நெட்டையின் கட்டிலில் போட்டு, மேலே நெட்டையின் விரிப்பையே சுருக்கமில்லாமல் விரித்தான். நெட்டையின் மெத்தையைத் தன் கட்டிலுக்கு மாற்றினான். தன் விரிப்பையும் அரைக்கால் சட்டையையும் வாளியில் அமுக்கி எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

குளித்துவிட்டு வரும்போதே தாழ்வாரத்தில் வார்டன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் மூட்டைப்பூச்சி. "எல்லா மெத்தையும் மாடிக்குப் போகணும்! இப்பவே! ஒருத்தனும் சாக்குச் சொல்லக் கூடாது!"

சின்னவன் அறையைப் பார்த்து வேகமாக நடந்தான். அதற்குள் நெட்டை ஓடி முடித்து வியர்க்க விறுவிறுக்க வந்து, மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டான். நான்கைந்து அடி நடந்தவன் நின்றான். தோளைத் தொட்டுப் பார்த்தான். கையை மோந்தான்.

"டேய், என்னடா இது நாத்தம்?" என்றான் பின்னாலேயே வந்த தைலம். மெத்தையைப் பிரித்துப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நெட்டை! ஆறடி வளர்ந்தும் அடியில ஒழுகுதாடா?"

தாழ்வாரமே சிரித்தது. பதினைந்து பேராவது இருப்பார்கள். வார்டன்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு, "உனக்கு என்ன வயசுடா?" என்றார். நெட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்தால் மூடத் தெரியாதவன், ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்பதுபோல் சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை சின்னவன்மேல் வந்து நின்றது.

சின்னவன் சிரித்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவனும் சிரித்தான்.

மத்தியானத்துக்குள் நெட்டைக்குக் 'குழாய்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வகுப்பில் அவன் எழுந்தால் பின்வரிசையில் யாராவது 'உஸ்ஸ்' என்றார்கள். சின்னவன் ஒவ்வொரு முறையும், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் நெட்டை அவனை மாடிக்குக் கூப்பிட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு ஏதாவது வியாதியாடா?"

சின்னவன் தொட்டிச் சுவரில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினான்.

"நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியலடா. அரைத் தூக்கத்துல எழுந்து ஓடிடறேன். ஈரமா இருந்துச்சா இல்லையான்னே ஞாபகம் இல்ல. எங்க மாமா ஒருத்தர் தூக்கத்துல நடப்பாராம். இதுவும் அந்த மாதிரியா?" அவன் குரல் இறங்கியிருந்தது. "நாலு நாளா சரியாத் தண்ணியே குடிக்கல. பயமா இருக்கு. நீ ராத்திரி எழுந்துக்கறேல்ல, நான் பார்த்திருக்கேன். அப்ப என்னையும் கொஞ்சம் எழுப்பி விடுடா."

சின்னவன் தலையாட்டினான். நெட்டையின் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். இரண்டு நாளாக அவன் ஓடப் போகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"சனிக்கிழமை கிளினிக் போகலாம்னு இருக்கேன். தனியாப் போக வெக்கமா இருக்கு. கூட வர்றியா? உன்னைத் தவிர வேற யாரைக் கூப்பிடறது?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

சனிக்கிழமை போனார்கள். டோக்கன் பதினொன்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் சின்னவன் எதிரே இருந்த பல் துலக்கும் விளம்பரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாக்கியம் வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

டாக்டர் கண்ணாடி போட்ட அம்மாள். நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது?"

"இல்ல மேடம். ஒரே ஒரு தடவை."

"திடீர்னு வந்திருக்குன்னா சர்க்கரை இருக்கான்னு பார்த்துடலாம். கையை நீட்டுப்பா."

நர்ஸ் நெட்டையின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். அந்த உருவத்துக்கு ஊசியென்றால் பயம் என்று யார் நினைப்பார்கள்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னொரு கையால் சின்னவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஊசி வேண்டாம் மேடம்" என்றான் சின்னவன். "அவனுக்கு ஒண்ணுமில்ல. அது நான்."

"எது நீ?"

"மெத்தை. என்னோடது. நான்தான் மாத்திப் போட்டேன்."

நெட்டை கண்ணைத் திறந்தான். சட்டையைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது. ரப்பர் பட்டையைத் தானே அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, "வர்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். கதவைக்கூட ஓங்கிச் சாத்தவில்லை.

சின்னவனும் எழுந்தான். "நீ உட்காரு" என்றார் டாக்டர். "எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"யார்கிட்டயாவது காட்டினதுண்டா?"

"இல்ல. அம்மா வளர்ந்தா சரியாயிடும்னு சொன்னாங்க."

"வளர்ந்துட்டியே" என்றார் டாக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. உன் வயதில் நூறு பேரில் ஒருவருக்காவது இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது என்றார். நான்கு மணிக்கே தண்ணீரை நிறுத்துவதுதான் முட்டாள்தனம் என்று திட்டினார். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, என்ன குடித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன்னைப் பற்றித் தானே பதில் சொன்னது அவனுக்கு அதுதான் முதல் தடவை. காது மடல் எரிந்தது. ஆனாலும் சொன்னான்.

நெட்டை விடுதி வாசல் படியில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு நீயும் சிரிச்சேல்ல?" என்றான்.

"ஆமா."

"மெத்தையை மாத்தினது கூடப் பரவாயில்லடா. பயந்துட்டேன்னு வச்சுக்கலாம். நான் மாடியில உட்கார்ந்து உன்கிட்ட கேட்டேனே. அப்பவும் தலையாட்டினியே."

சின்னவன் படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு அது தேவையில்ல. நீ என்ன செய்யணும்னு நீயே பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு நெட்டை உள்ளே போனான். அன்றைக்கே வார்டனிடம் கேட்டு வேறு அறைக்கு மாறிவிட்டான். தைலம் ஒன்றும் புரியாமல் தைலம் தேய்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டில் எல்லோரும் இருந்தார்கள். சின்னவன் எழுந்து நின்றான். நின்ற பிறகுதான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கவில்லை என்பது தெரிந்தது.

"ஒரு விஷயம்" என்றான். யாரும் திரும்பவில்லை. தட்டை மேஜையில் தட்டினான். "அன்னிக்கு அந்த மெத்தை நெட்டையோடது இல்ல. என்னோடது. எனக்குத்தான் அந்தப் பிரச்சனை. நான் அதை அவன் கட்டில்ல போட்டுட்டேன்."

யாரோ 'உஸ்ஸ்' என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. ஆனால் தாழ்வாரத்தில் கேட்ட மாதிரிச் சிரிப்பில்லை, பாதியிலேயே அறுந்துவிட்டது. "சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?" என்றான் தைலம். படுக்கையை நனைத்ததற்காக அவன் அதைக் கேட்கவில்லை. சின்னவன் உட்கார்ந்து தட்டில் இருந்ததைத் தின்று முடித்தான். மூலை மேஜையில் நெட்டை தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நிமிரவேயில்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். அம்மா அழுதாள்.

"அத்தனை பேர் முன்னாடி ஏன்டா சொன்னே? யார் கேட்டா உன்னை? நாளைக்கே அப்பாவை அனுப்பறேன், பெட்டியை எடுத்துக்கிட்டு வந்துடு."

"வரலைம்மா."

"அசிங்கப்பட்டுக்கிட்டு அங்கயே இருக்கப் போறியா?"

"அசிங்கம்தான். இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அம்மா, மெத்தையில நாத்தம் போகவே மாட்டேங்குது. நீ என்ன செய்வே?" என்று கேட்டான்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மா, முதலில் பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுக்கணும், சுடு தண்ணீர் கூடாது, சோடா மாவைத் தூவி ஒரு மணி நேரம் விடணும் என்று வேலைக்காரியிடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

டாக்டர் எழுதித் தந்த மாத்திரையும், சொன்ன பழக்கங்களும் வேலை செய்ய எட்டு மாதம் ஆனது. 'குழாய்' என்ற பெயர் அவனுக்கு வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் கூப்பிடுகிறவர்களுக்கே அலுத்துப்போனது. மாடியில் எல்லோரும் பார்க்க விரிப்பைக் காயப்போடப் பழகினான். தைலம் ஒரு மாதம் கழித்துத் தானாகப் பேச ஆரம்பித்தான்.

நெட்டை பேசவில்லை. எதிரில் வந்தால் ஒதுங்கிப் போக மாட்டான்; பார்ப்பான், தலையசைப்பான், அவ்வளவுதான். இரண்டாம் வருஷத்தில் ஒரு முறை இருவரையும் ஒரே லிப்டில் வேலைக்குப் போட்டார்கள். நாள் முழுக்க "பிடி", "விடு", "போதும்" என்று வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசினான். சாயங்காலம் சின்னவன் இரண்டு டீ வாங்கி வந்தான். நெட்டை வாங்கிக்கொண்டான். எதிரெதிரே நின்று குடித்தார்கள். சின்னவன் ஒரு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பை அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டான்.

"சரி" என்றான் நெட்டை. காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.