சக்கரம் கறுக்கக் கூடாது

சோலையப்பன் முதலாளியின் ஆறு லோரிகளுக்கும் போன வருடம் அலாய் சக்கரம் மாட்டினேன். கிள்ளானில் என் டயர் கடை வாசலில் நின்று, அந்தப் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார் மனுஷன். கன்டெய்னர் இழுக்கிற லோரிக்கு அழகு ரொம்ப முக்கியம் அல்லவா? போர்ட்டில் தினமும் பெண் பார்க்கும் படலம் நடக்கிறதே.

டிரைவர் பக்கிரிசாமி அண்ணன்தான் குறுக்கே பேசினார். "புஷ்பாம்மா, சக்கரம் மாட்டுற ஹப் இரும்பு, சக்கரம் அலுமினியம். மழைத் தண்ணியும் கடல் உப்பும் நடுவுல பூந்தா வெள்ளையா பூத்து ரெண்டும் இறுகிடும் லா. ஹப்ப நல்லா தேய்ச்சு, சக்கரம் உக்கார்ற விளிம்புல மட்டும் லேசா கிரீஸ் தடவிடு. போல்ட்டுல படவேணாம்."

நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பங்சாரில் ஏசி போட்டு உட்கார்ந்து லோரி நடத்துகிறவருக்குத் தெரியாததா?

"கிரீஸ் வழிஞ்சா சக்கரம் கறுத்துப்போகும். வேணாம் புஷ்பா," என்றார் முதலாளி. மேதை வாய் திறந்துவிட்டார். நானும் "ஓகே பாஸ்" என்றேன்.

நேற்றுப் பகல் ஒரு மணிக்கு, முன் டயர் வெடித்து அண்ணனின் லோரி கடைக்கு வந்து நின்றது. அதிலிருந்த கன்டெய்னர் ஏற வேண்டிய கப்பலுக்கு நாலு மணிக்குப் போர்ட் கேட்டை மூடிவிடுவார்கள். நட்டுகளைக் கழற்றினோம், சக்கரம் அசையவில்லை. ரப்பர் சுத்தியலால் அடித்தோம். நட்டுகளை லேசாக மாட்டி லோரியை முன்னும் பின்னும் அசைத்தோம். அண்ணன் கீழே உட்கார்ந்து காலால் உதைத்தே பார்த்தார். ஐந்தரைக்குத்தான், வெள்ளைப் பொடி கொட்ட, மகாராஜா இறங்கி வந்தார். கப்பல் போயிருந்தது.

இன்னொரு மகாராஜா பங்சாரிலிருந்து வந்து இறங்கினார்.

"கிரீஸ் போடச் சொல்ல வேண்டியது டிரைவர் வேலை," என்றார் முதலாளி. தான் சொன்னது சுத்தமாக மறந்துவிட்டது. அதற்கெல்லாம் பெரிய மனசு வேண்டும். "புஷ்பா, அன்னிக்கு இவன் உங்கிட்ட சொன்னானா இல்லியா?"

பக்கிரிசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சமும் பயம் இல்லை. அன்று அவர்கள் இருவரையும் தவிர பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

கிள்ளானில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆனால் ஆறு லோரி. என் கடையில் பாதி வேலை அவருடையது.

"ஞாபகம் இல்ல பாஸ்," என்றேன்.

"சாவியக் குடு. நாளைலேருந்து வராத," என்றார் முதலாளி அவரிடம்.

அண்ணன் சாவியைக் கொடுத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"வரேம்மா," என்றார், தினமும் சொல்வதுபோல.