பழைய வண்டிக்கு ஒரு பழி

பல் டாக்டருக்கு அந்த நீல நிற ஸ்போர்ட்ஸ் செடான் மீது ஆசை விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. மிதித்தால் முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கிற என்ஜின். குறுக்கே நின்றவள் மனைவி. அவள் பிரசவம் பார்க்கும் நர்ஸ். வீட்டில் இருப்பது ஒரே வண்டி. போன் வந்தால் போட்டது போட்டபடி அவள் கிளம்பியாக வேண்டும்.

"அழகா இருக்கு, இல்லங்கல. நடு ரோட்டுல நின்னா நான் என்ன பண்றது? நம்மது கிழடா இருந்தாலும் என்னைக்காவது மக்கர் பண்ணியிருக்கா?"

அவளுக்குத் தெரியாதது ஒன்று அவருக்குத் தெரியும். அதே வண்டியை வாங்கிய ஒருவர், பல் பிடுங்கிய வாயில் பஞ்சை அதக்கிக்கொண்டே அவரிடம் புலம்பியிருந்தார். கியர்பாக்ஸ் கோளாறாம், பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறதாம். இணையத்திலும் அதே பாட்டுதான். சந்தோஷமாக ஓட்டுகிறவன் ஏன் உட்கார்ந்து எழுதப்போகிறான் என்று டாக்டர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

புது வண்டியின் மேல் நம்பிக்கை வரவழைக்க முடியாது. பழையதின் மேல் இருக்கிற நம்பிக்கையைக் கெடுக்கலாமே என்று புத்தி போயிற்று. சனிக்கிழமை, வண்டி கழுவுகிற சாக்கில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார். மறுநாள் இருவரும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தது. வண்டி கிளம்பாது, இவர் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான் திட்டம்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து பார்த்தபோது, அவள் வாசலில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். வண்டி முனகக்கூட இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாளெல்லாம் ஊராரை "வாயத் திறங்க" என்று சொல்கிறவருக்குத் தன் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் டாக்சி தேடி மெயின் ரோட்டுக்கு ஓடினாள். தலை மறைந்ததும் அவர் ஒயரை மாட்டி நட்டை முடுக்கினார்.

மத்தியானம் திரும்பியவள் சமையலறை நாற்காலியில் பையோடு உட்கார்ந்தாள்.

"போன தடவ குழந்தையப் பறிகொடுத்த பொண்ணுங்க அது. இந்தத் தடவ நீங்க பக்கத்துல இருக்கணும் சிஸ்டர்னு கையப் புடிச்சு கேட்டிருந்தா. நான் போறதுக்குள்ள பொறந்துடுச்சு."

"குழந்தை?"

"நல்லாருக்கு, அவளும் நல்லாருக்கா. வலியில கத்தினப்பல்லாம் கதவையே பாத்தாளாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க புது வண்டி கேட்டதுதான் சரி. பழச இனி நம்ப முடியாது. அந்த வண்டியையே வாங்கிடலாம்."

ஜெயித்துவிட்டார்.

அந்த வாரமே, மறுபடி ஒழுங்காக ஓடிய பழைய வண்டியிலேயே ஷோரூமுக்குப் போனார்கள். அவள் நீல வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னைக்காவது கிளம்பாமப் போகுமா?" என்று விற்பனையாளரிடம் கேட்டாள்.

"வாரண்டி இருக்கு மேடம்."

"வாரண்டி இருக்கட்டும். கிளம்புமான்னு கேட்டேன்."

விற்பனையாளர் இருக்கையின் தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் எல்லாத்தையும் படிச்சீங்களே. உங்க வாயால சொல்லுங்க, எனக்கு அது போதும்."

"வேணாம்" என்றார் டாக்டர்.

"என்ன வேணாம்?"

"இந்த வண்டி வேணாம். கியர்பாக்ஸ் தகராறு. எனக்கு முன்னயே தெரியும்." விற்பனையாளர் நாசூக்காக நகர்ந்துபோனார். "நம்ம வண்டியில ஒண்ணும் இல்ல. அன்னைக்கு ஒயரக் கழட்டினது நான்தான்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் ரோட்டுல ஓடினப்ப பாத்துட்டுதானே நின்னீங்க?"

"ஆமா."

அவள் இறங்கி, அடுத்தவர் பொருள் என்பதால் கதவை மெதுவாகச் சாத்தி, பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. ஒரு நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். "அந்தப் பொண்ண நான் போய்ப் பாக்கட்டுமா? தப்பு என்னோடதுன்னு சொல்லிடுறேன்."

"எதுக்கு? உங்க பாரத்த அவ தலையில எறக்கி வைக்கவா?" என்றாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ நிம்மதியா இருக்கா. நீங்களே வெச்சுக்கோங்க."

அவர் வைத்துக்கொண்டார்.