ஒன்பது மணிக்குள் ஒரு படம்

மெர்ல் ஹாகன் முப்பத்தைந்து வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்தவர். நசுங்கிய கார், எரிந்துபோன சமையலறை, ஆலங்கட்டி மழை பொத்தலாக்கிய கூரை என்று எதைப் படமெடுத்தாலும் பக்கத்தில் ஆறங்குல ஸ்கேல் ஒன்றை வைத்துத்தான் எடுப்பார். ஸ்கேல் இல்லாவிட்டால் நகக்கீறல்கூடப் படத்தில் பள்ளத்தாக்கு மாதிரித் தெரியும் என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்று, மினசோட்டா குளிருக்குத் தப்பி, மனைவி ஆர்லீனுடன் அரிசோனா பாலைவனத்துக்குக் குடிவந்தபோது ஸ்கேலும் சட்டைப் பையிலேயே வந்து சேர்ந்தது. நாலாம் வருஷம் ஆர்லீன் போய்விட்டார். ஸ்கேல் இருந்தது.

அடுத்த மே மாதத்தில் மெர்ல் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு முழுப் பகல் தரையில் கிடந்தார். மினசோட்டாவின் டுலூத் நகரிலிருந்து மகள் மாரிட் விமானம் பிடித்து வந்து இறங்கினாள். அவள் கையில் ஒரு வழவழப்பான புத்தகம். டுலூத்தில் ஒரு முதியோர் இல்லம், ஏரியைப் பார்த்த ஜன்னல், மாலையில் பியானோ. அந்த ஏரிக் காற்று பல்லைக் கழற்றிவிடும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த மெர்லுக்குத் தெரியாதா என்ன.

அப்பாவும் மகளும் இரண்டு நாள் வாதாடி, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குள் மெர்ல் ஒரு படம் அனுப்ப வேண்டும். அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு டுலூத்துக்கு வந்துவிட வேண்டும்.

"உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்ப்பா எனக்கு," என்றாள் மாரிட்.

மெர்ல் அதைத் தன் கையாலேயே காகிதத்தில் எழுத, இருவரும் கையெழுத்திட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள். "எக்காரணம் கொண்டும் காலநீட்டிப்பு இல்லை" என்ற கடைசி வரியைச் சேர்த்ததும் அவர்தான். பழக்க தோஷம்.

முதல் மாதம் முழுக்க வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தார். வாசலைத் தாண்டி எதிர்ப்பட்ட கல்லையோ கள்ளியையோ ஸ்கேலோடு சேர்த்து ஒரு சொடுக்கு. அடியில் இரண்டு வரி: 'சாகுவாரோ கள்ளி. இடக்கை சேதம். காரணம் உறைபனி. பழைய காயம்.' ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அது போதுமே.

ஆனால் தினமும் ஒரே வறண்ட ஓடைக்கரையில் நடந்தால் கண் சும்மா இருக்குமா? ஒருநாள் காலை வெயிலுக்கு எதிரே ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. அதன் நீளக் காதுகளுக்குள் வெளிச்சம் புகுந்து, ரத்த நாளங்கள் சிவப்பாகக் கிளைவிட்டுத் தெரிந்தன. இன்னொரு நாள் முள்ளுக்கு நடுவே தேன்சிட்டுக் கூடு. சிலந்தி நூலால் கட்டியது. ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஒன்றரை அங்குலம். அதற்குள் இரண்டு முட்டை. முப்பத்தைந்து வருஷம் வீடுகளை மதிப்பிட்ட மனிதர், அந்த வீட்டுக்கு என்ன மதிப்புப் போடுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றார். திரும்பி யாரிடமாவது "பாத்தியா?" என்று கேட்க வாயைத் திறந்து, பக்கத்தில் யாரும் இல்லாததால் மூடிக்கொண்டார்.

மகளுக்கு அனுப்பினார். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. தினமும் அதே கட்டைவிரல்தான். படம் போய்ச் சேர்ந்த இரண்டாவது விநாடியில் வந்துவிடும். படம் திறக்கவே அதைவிட நேரமாகும். மெர்லுக்குத் தொழில் புத்தி போகுமா? ஒரு சோதனை வைத்தார். ஒரே சாம்பல்நிறக் கல்லை மூன்று நாள் தொடர்ந்து எடுத்து அனுப்பினார். மூன்று கட்டைவிரல்கள் வந்தன.

அதற்கு முன்பெல்லாம் மாரிட் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். படம் வரத் தொடங்கியபின் அது நின்றுபோயிற்று. குறை சொல்ல முடியாது. அப்பா உயிரோடு இருப்பதுதான் தினமும் தெரிந்துவிடுகிறதே.

ஊரில் படமெடுப்பவர்கள் சங்கம் ஒன்றும் இருந்தது. 'பாலைவனத்தின் கண்' என்று பெயர். உறுப்பினர் பதினான்கு பேர், தலைவர் டாக்டர் ப்ரெண்டிஸ் கில்கோர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். நாற்பது வருஷம் அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர். பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வைத்திருப்பார். சின்னதாக ஒரு தெளிப்பான் புட்டியும் உண்டு. ஆறு மாதமாக ஒரு சொட்டு மழை காணாத கள்ளிப் பூவின் மேல் அந்தப் புட்டியால் பனித்துளிகளை விழவைத்து, 'விடியலின் கண்ணீர்' என்று தலைப்புக் கொடுப்பார்.

"படம் எடுக்கிறது நான் இல்ல, மெர்ல். ஒளி எடுக்குது. நான் வெறும் கருவி," என்பார். அந்தக் கருவிக்குக் கழுத்துவலி வேறு; மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மெர்லின் படங்களை ஒருமுறை சங்கத்தில் காட்டியபோது, "எல்லாம் சரி, அந்த ஸ்கேல் எதுக்குய்யா? பாலைவனத்துக்குப் பாவாடை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டு, பதின்மூன்று பேரைச் சிரிக்க வைத்தார். மெர்ல் அதன்பின் போகவில்லை. ஆனாலும் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று மகளிடம் டாக்டர் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். கொடுக்க வேறு எண் இல்லை.

நானூற்று மூன்று நாட்கள் ஒன்றுகூடத் தவறாமல் போயின. நானூற்று நாலாவது நாள் ஜூன் மாதக் கடைசி. வெயில் கொளுத்துகிற, மழை இன்னும் வராத நாட்கள். மெர்ல் ஐந்தரைக்கே கிளம்பி ஓடைக்குப் போனார். கரைச் சரிவில் ஒரு வளை இருந்தது. ஆமை வளை என்று அவருக்குத் தெரியும். ஆமையை மட்டும் ஒருநாளும் கண்டதில்லை. வளைவாயில் ஸ்கேலை வைத்து, போனை ஒரு கல்லில் சாய்த்து, உள்ளே தெரிகிறதா என்று குனிந்தார். கல் உருண்டது. போன் சரிந்து வளைக்குள் ஒரு முழத்துக்குப் போய்விட்டது.

கையை நீட்டினார். உள்ளிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம். கையை இழுத்துக்கொண்டார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. எண்பது வயது நீதிபதி போல் சுருக்கம் விழுந்த கழுத்து. பின்னாலேயே ஓடு. ஆமை நிதானமாக முன்னே வந்து, போனின் மேல் மார்பை வைத்து, அப்படியே நின்றுவிட்டது. போனின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. மணி ஏழு பத்து.

தூக்கி நகர்த்த ஒரு நொடி போதும். ஆனால் ஓடை முனையில் உள்ள அறிவிப்புப் பலகையை மெர்ல் ஒருமுறைக்கு நாலுமுறை படித்திருக்கிறார். பாலைவன ஆமை மாதக்கணக்குக்கு வேண்டிய தண்ணீரை மூத்திரப்பையில் சேர்த்து வைத்திருக்கும். தூக்கினாலோ சீண்டினாலோ பயந்து மொத்தத்தையும் விட்டுவிடும். அடுத்த மழை வரை அப்புறம் அதற்கு ஒன்றுமில்லை, செத்தும் போகலாம்.

மெர்ல் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

எட்டு மணி ஆயிற்று. எட்டரை. ஆமை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. டுலூத்துக்குப் போனால் இழக்கப்போகும் வீட்டின் தெற்கு ஜன்னல், ஆர்லீன் நட்ட மரம், முயல், தேன்சிட்டு எல்லாம் ஒரு ஆமையின் வயிற்றுக்கடியில் இருந்தன. குச்சி ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. இரண்டுமுறை எடுத்தார், இரண்டுமுறை கீழே போட்டார். கைக்கடிகாரத்தில் ஒன்பது கடந்து இரண்டு நிமிஷமானபோது ஆமைக்கடியில் போன் அடித்தது.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நல்லவேளை, வேறெதுவும் நடக்கவில்லை. போன் ஓய்ந்து, மறுபடி அடித்தது. பதினோரு தடவை. ஒரு வருஷமாக மகளிடமிருந்து வராத அழைப்புகளெல்லாம் அந்த ஒரு காலையில் வந்தன. அவரால் எடுக்க முடியவில்லை.

ஒன்பதரைக்கு அவர் ஒரு காரியம் செய்தார். ஆமைக்கு இரண்டடி தள்ளி மண்ணைக் கையால் பறித்துக் குழியாக்கினார். தன் தண்ணீர்ப் புட்டியில் மிச்சமிருந்ததை ஒரு சொட்டு வைக்காமல் அதில் ஊற்றினார். வெயில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டிருந்தது.

பத்து மணிவாக்கில் ஓடை மணலில் சரக் சரக்கென்று காலடி. முதலில் லென்ஸ் வந்தது. பிறகு டாக்டர் கில்கோர்.

"உயிரோடதான் இருக்கீங்களா? உங்க பொண்ணு எனக்கு அஞ்சு தடவை போன் பண்ணிட்டா. நான் பிணம் தேடிக்கிட்டு வர்றேன்யா."

"பிணம் தேடவா இந்த லென்ஸு, டாக்டர்?"

"வழியில ஒளி எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றவர் ஆமையைப் பார்த்துவிட்டார். குரல் மாறியது. "அடடா. என்ன ஒரு புராதன முகம். அந்த நிழல்ல இருந்து இப்படித் தூக்கி வெயில்ல வைங்க. ரெண்டே நிமிஷம்."

"தூக்கக் கூடாது. தூக்கினா மூத்திரம் போயிடும்."

"எனக்கா?"

"அதுக்கு. போச்சுன்னா செத்துடும். என் போன் அதுக்கடியில இருக்கு. நானே தொடலை."

"கலைக்காக ஒரு ஆமை..."

"டாக்டர்," என்று மெர்ல் எழுந்து இடையில் நின்றார். "ஒரு அடி எடுத்து வச்சீங்கன்னா, அந்த விடியலின் கண்ணீர் எந்தப் புட்டியிலேர்ந்து வந்துச்சுன்னு சங்கத்துல சொல்லிடுவேன்."

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்று, தன் போனில் மாரிட்டைக் கூப்பிட்டு நீட்டினார்.

"அப்பா? எங்கே விழுந்தீங்க?"

"விழலைம்மா. உக்காந்திருக்கேன். என் போன் மேல ஆமை உக்காந்திருக்கு."

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆமை கழுத்தை நீட்டியது. "இரு, இரு. வெளிய வருது. தண்ணி வாசம் புடிச்சிடுச்சு. முன்னங்கால் வச்சிடுச்சு. நகம் ஒவ்வொண்ணும் பாதாம்பருப்பு மாதிரி இருக்கு, மாரிட். இப்ப மூக்கைத் தண்ணியில வைக்குது. குடிக்குது. தொண்டை ஏறி ஏறி இறங்குது. கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்குது."

டாக்டர் பரபரவென்று பீரங்கியைத் தூக்கினார். பதினைந்து அடிக்குக் கிட்டே இருக்கிற எதையும் அந்த லென்ஸ் பார்க்காது. பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார், பின்பக்கம் சோய்யா என்கிற ஒரு முட்கள்ளியில் போய் இடித்தது. அந்தச் செடி தொட்டவரை விடாது. ஒரு கிளையே கூட வந்துவிட்டது. வலியில் அவர் ஒளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மெர்ல் சீப்பை எடுத்து வீசினார். அந்த ஊரில் வழுக்கைத் தலையனும் பையில் சீப்பு வைத்திருப்பது முள் எடுக்கத்தான்.

ஆகவே ஆமை தண்ணீர் குடித்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

"யார் கத்துறது?" என்றாள் மாரிட்.

"கருவி."

"அப்பா, அது குடிக்கிற தண்ணி ஏது?"

மெர்ல் பொய் சொல்லத் தெரியாதவர். "என்னோடது."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"அங்க எத்தனை டிகிரி இப்ப?"

"நூத்தி நாலு இருக்கும்."

மாரிட் பயந்தது முழுக்க இதற்குத்தான் என்று அவருக்குப் புரிந்தது. அந்தப் பயத்தில் தப்பு கண்டுபிடிக்கவும் அவரால் முடியவில்லை. ஒரு நாள் தாமதம் என்று எத்தனை பேரின் விண்ணப்பத்தைத் தள்ளியிருக்கிறார். வீடு எரிந்தவன், தகப்பன் செத்தவன், எல்லாரும் காரணம் வைத்திருந்தார்கள். ஆமை என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒன்பது மணி தாண்டிடுச்சும்மா," என்றார். "ஒப்பந்தப்படி நான் தோத்துட்டேன். அந்த இல்லத்து ஃபாரத்தை அனுப்பு. கையெழுத்துப் போட்டுடறேன்."

"அனுப்பறேன்," என்றாள். "முதல்ல அந்த ஆள்கிட்ட தண்ணி வாங்கிக் குடிங்க."

டாக்டரிடம் இருந்தது தெளிப்பான் புட்டிதான். மெர்ல் வாயைத் திறந்தார். டாக்டர், பழைய தொழில் ஞாபகத்தில், பக்குவமாகத் தெளித்தார்.

மறுநாள் மெர்ல் படம் எடுக்கப் போகவில்லை. எதற்கு? அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் வைத்து, அதற்குள் எதைப் போடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு போன் அடித்தது.

"ஃபாரம் வரலையே?" என்றார்.

"ஆபீஸ் பிரிண்டர் ரிப்பேர்."

அவள் ஆபீஸ் எட்டு மாடி. மாடிக்கு ஒரு பிரிண்டராவது இருக்கும்.

"எப்ப சரியாகும்?"

"தெரியலப்பா. அதுவரைக்கும் ஒன்பது மணிக்கு நானே கூப்பிடறேன். எடுக்கலைன்னா அந்தப் பல் டாக்டரை அனுப்புவேன்."

"வேண்டாம். எடுத்துடறேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. போனைக் காதில் வைத்தபடியே வேலை பார்க்கிறாள். மெர்ல் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பேச வேறு ஒன்றும் அகப்படாமல், மதில்மேல் தெரிந்ததைச் சொன்னார்.

"தண்டால் எடுக்குது."

தட்டும் சத்தம் நின்றது. "யாரு?"

"ஓணான்."

"எத்தனை எடுத்துச்சு?"

"எண்ணலையேம்மா."

"இப்பவும் எடுக்குதா? எண்ணிச் சொல்லுங்க."

மதில்மேல் ஓணான் இல்லை. மறுபக்கம் இறங்கிவிட்டிருந்தது. வெள்ளைச் சுவரில் வெயில் மட்டும் இருந்தது.

"எடுக்குது, எடுக்குது," என்று மெர்ல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எண்ணுறேன், கேளு. ஒண்ணு."