அடிப்பங்கு

“நஞ்சை எம்புட்டு?”

“நஞ்சை அண்ணனுக்கு.”

“புஞ்சை?”

“அதுவும் அண்ணனுக்கு. எனக்கு விழுந்தது பாறைக்காடு.”

“அப்ப ஒங்களுக்குன்னு என்னதான் இருக்கு?”

“பெட்ரோல் இருக்கு மாமா.”

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த கப்பலூர்க் கருத்தக்கண்ணன் கிள்ளிய கையோடு நிமிர்ந்தார். எதிரே கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த சோணை, அவர் மகள் மாயக்காளைப் பெண் கேட்டுச் சமயநல்லூரிலிருந்து வந்தவன். சொன்னதில் அவனுக்குக் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு ஜோடி மாடு இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

அது யுத்த காலம். கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடைக்காது. மதுரை பஸ்களே முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகையும் இருமலுமாகப் போய்க்கொண்டிருந்தன. நிலம் வைத்திருக்கும் மாப்பிள்ளைகளைக் கருத்தக்கண்ணன் பார்த்திருக்கிறார், மாடு வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறார். பெட்ரோல் வைத்திருக்கும் மாப்பிள்ளை இப்போதுதான் முதன்முதலாக வந்திருக்கிறான்.

எவ்வளவு என்று விசாரித்தார். பத்து மைலுக்கு வரும் என்றான் சோணை. பத்து மைலை ஒரு சொத்தாக நினைத்துப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் வாசலில் தொடங்கி மதுரை தாண்டிப் போகும் ஒல்லியான ஒரு வயல் அவர் மனதில் விரிந்திருக்க வேண்டும். கண்கள் அந்தத் திசையில் வெகுதூரம் போய்த் திரும்பின.

சோணை விவரம் சொன்னான். அவன் தகப்பனார், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார சர்வேயரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு இறந்துபோனார். நிலத்துக்குச் சீட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். மோட்டார் சைக்கிளை என்ன செய்வது என்றுதான் பஞ்சாயத்தில் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் தவசியும் தம்பி சோணையும் நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று கைகலக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். கடைசியில், கிணற்று வழக்குகளைத் தீர்த்தே வயதானவர் ஒருவர் எழுந்துவந்து டாங்கின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

டாங்குக்கு அடியில் இரண்டு பித்தளைக் குமிழ்கள் இருந்தன. இடது குமிழின் குழாய் டாங்குக்குள் இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கும். பெட்ரோல் அந்த உயரத்துக்குக் கீழே போனால் அதன் வழியாக இறங்காது, வண்டி இருமி நின்றுவிடும். அப்போது வலது குமிழை இழுத்துவிட்டால் அடியில் கிடப்பது இறங்கும். மதுரை மெக்கானிக்குகள் அதை ரிசர்வ் என்பார்கள். அந்த மனிதர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, இது கிணறுதானே, இதற்கா இவ்வளவு யோசனை என்றார். பொதுக் கிணற்றில் மூத்தவன் முதலில் இறைப்பான், இளையவன் பிறகு இறைப்பான். ஆகவே இடது குமிழும் மேல்பங்கும் தவசிக்கு. வலது குமிழும் அடிப்பங்கும் சோணைக்கு. வந்திருந்தவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

தவசி மானஸ்தன். கூப்பனுக்குக் கிடைப்பதை ஊற்றிக்கொண்டு பருத்தி வியாபாரத்துக்குப் போவான். எங்கே வண்டி இருமினாலும் அங்கேயே இறங்கி, வீடுவரை உருட்டிக்கொண்டு வருவான். நாகமலைப் பக்கம் உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தவனைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு போலீஸ்காரர், வலது குமிழை இழுக்கக் குனிந்தார். தவசி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தம்பி சொத்தைத் தொட்டுப் பிழைக்கிற குடும்பம் இல்லை ஐயா என்றான். சோணையும் அப்படித்தான். அண்ணன் பங்கு மேலே மிதக்கும்போது வலது குமிழைத் திறந்தால் அண்ணனுடையதும் சேர்ந்து இறங்கிவிடும். அண்ணன் பங்கு தீர்ந்து வண்டி வீடு வந்து சேரும் நாட்களிலோ, எடுத்ததைத் திரும்ப ஊற்ற அவன் பெயரில் கூப்பன் இல்லை. இப்படியாக அடிப்பங்கு யாரும் தொடாமலே கிடந்தது.

கருத்தக்கண்ணன் முழுவதையும் கேட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“சொன்னதெல்லாம் சரி தம்பி. கண்ணால பாக்கணும்ல. வாற புதன்கெழமை வண்டியக் கொண்டாந்து காட்டுங்க. இல்லேன்னா திருவாதவூர்க்காரனுக்கு வெத்தல மாத்திருவேன். அவனுக்கு ரெண்டு சோடி மாடு.”

கிளம்பும் முன் மாயக்காள் தண்ணீர் கொண்டுவந்தாள். சோணை அந்தச் செம்பை மிக மெதுவாகக் காலி செய்தான்.

“நல்லாக் குடிங்க,” என்றாள் அவள். “கெணறு பக்கத்துலதான் இருக்கு. மேல்பங்கு, அடிப்பங்குன்னு ஒண்ணும் கெடையாது.”

சோணை வைகை மணலைத் தாண்டி ஊர் சேரும்வரை அந்தச் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவள் இல்லாமல் இனி ஒரு நாளும் ஓடாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னபோது தவசி யோசனையில் ஆழ்ந்தான். அடிப்பங்கைக் காட்டுவது லேசான காரியம் இல்லை. மேல்பங்கு கொஞ்சம் இருந்தாலும் அதோடு கலந்துதான் தெரியும். எது யாருடையது என்று கருத்தக்கண்ணன் கேட்டால் என்ன சொல்வது? ஆகவே மேல்பங்கு கப்பலூரில்தான் தீர வேண்டும். வழியில் தீர்ந்தால் தள்ளிக்கொண்டு போக வேண்டும், தள்ளிக்கொண்டு வருகிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தவசி அந்த மாதத்துக் கூப்பன் பெட்ரோல் முழுவதையும் வண்டியில் ஊற்றினான்.

புதன்கிழமை காலை கப்பலூர் வாசலில் வந்து நின்றபோது வண்டி ஒரு தடவைகூட இருமியிருக்கவில்லை. கருத்தக்கண்ணன் பங்காளிகளோடு கட்டில் போட்டுக் காத்திருந்தார். மேல்பங்கை ஒரு பானையில் இறக்கிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். கூரை வீடு, உள்ளே அடுப்பு எரிகிறது, பெட்ரோல் பானை இந்த வாசலுக்குள் வரக் கூடாது என்றார் கருத்தக்கண்ணன். மண்ணில் ஊற்றத் தவசி சம்மதிக்கவில்லை. ஓட்டித்தான் தீர்க்க வேண்டும்.

ஓட்டினார்கள். மேல்பங்கு அண்ணனுடையது என்பதால் அண்ணன் முன்னால், தம்பி பின்னால். கண்மாய்க் கரை வழியாகப் போய், ஆலமரத்தைச் சுற்றி, திரும்ப வாசலுக்கு வந்தார்கள்.

“தீந்துச்சா?” என்று கட்டிலிலிருந்து கேட்டார் கருத்தக்கண்ணன்.

“இன்னும் இருக்கு மாமா,” என்றபடியே தவசி கடந்து போனான்.

மறுபடி வந்தார்கள். மறுபடி போனார்கள். வேண்டாத இடத்தில் எல்லாம் நின்று தவசியின் முதுகை ஒடித்த வண்டி அன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு பழகிப்போய், போகிற போக்கில் நேரம் கேட்டார்கள். ஒரு நாய் கூடவே ஓடிப் பார்த்து, நம்பிக்கை இழந்து, படுத்துவிட்டது. கட்டிலில் இருந்தவர்களுக்குச் சோறு பரிமாறப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் மாயக்காள் கதவோரத்தில் நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த சோணைக்கு அவள் ஒரு நொடி தெரிவாள், பிறகு புழுதி. தன் கல்யாணம் ஒரு வட்டம் என்றும் அது எங்கேயும் போய்ச் சேராது என்றும் அவனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

வெயில் சாயத் தொடங்கியபோது, வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமி நின்றது. தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கருத்தக்கண்ணன் தென்னை ஈர்க்கு ஒன்றை டாங்குக்குள் விட்டு எடுத்து, நனைந்த அளவைக் கட்டைவிரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். வண்டியை இரண்டு பேர் ஆட்ட, டாங்கில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஏதோ சன்னமாக அசைந்தது. அவர் முகம் கனிந்துபோயிற்று.

“சொன்னபடி இருக்கு மாப்ள,” என்றார். அதுவரை தம்பி என்று அழைத்தவர். “இத இப்பிடியே வச்சிருக்கணும். கல்யாணத்தன்னைக்கித் திரும்ப ஈர்க்கு விட்டுப் பாப்பேன். நூல் அளவு கொறஞ்சாலும் பொண்ணு இல்ல. ஊரு முன்னால சொல்றேன்.”

சோணை சம்மதித்தான். சமயநல்லூர்வரை தள்ளிக்கொண்டே போய்விடலாம், பழக்கம்தான் என்று தவசியும் சொன்னான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வந்தது. கருத்தக்கண்ணன் இரண்டு கைகளாலும் அதை எடுத்தார்.

அப்போது மாயக்காள் கதவோரத்தை விட்டு இறங்கி வந்தாள். பங்காளிகள் வழிவிட்டார்கள். அவள் தாம்பாளத்தைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து எழுந்த புழுதி அவள் முடியில் படிந்திருந்தது. வண்டியின் பின் இருக்கையை முந்தானையால் துடைத்தாள். சோணையை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

“காலையிலருந்து ஒங்க அண்ணனத்தான் ஒங்களோட பாத்தேன் மச்சான்,” என்றாள். “ஒங்க பங்கத் தெறந்து, என்னைய ஒரே ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போங்க.”