பதில் கிடைக்காத தும்மல்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு தை மாதம், பிலிமத்தலாவைக் கடைத்தெருவில் ஹாஷிமின் துணிக்கடை அலுமாரி தும்மியது. கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்காக அப்போதுதான் அதன் கதவைத் திறந்திருந்தார்கள். உள்ளே ஆள் இல்லை. சீத்தைத் துணிச் சுருள்களும் மடித்த சேலைகளும்தான் இருந்தன. நல்ல காரியம் தொடங்கும்போது தும்மல் கேட்டால் ஆகாது என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அந்த வருஷம் வெற்றிலைக்குத் தட்டுப்பாடு இருந்தது, மகாவலியில் தண்ணீர் குறைந்திருந்தது, துணிக்கடை அலுமாரி தும்மியது. ஊர் இந்த மூன்றையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டது.

உண்மையில் அது ஹாஷிமின் மனைவி றம்லத்தின் தும்மல். முந்திய வருஷம் வத்தேகமயிலிருந்து வாழவந்தவள் அவள். பிறந்த ஊரில் மிளகாய் வறுக்கும்போது மட்டுமே தும்மியிருக்கிறாள். இங்கே கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ் முன்னும் பின்னுமாக இருந்தன. பின்கதவைத் திறந்தால் மேட்டுச் சரிவு முழுக்கக் கினிப்புல். வண்டி மாடுகளுக்கென்று யாரோ எப்போதோ நட்டது, ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. மார்கழி மழை விட்டதும் அந்தப் புல் பூத்தது. பூ என்றுகூடச் சொல்ல முடியாது, மங்கிய ஊதாவில் ஒரு தூள். காற்று எழுந்தால் அந்தத் தூள் வேறு எவரையும் தேடாமல் றம்லத்தையே தேடி வந்தது. மூக்கு நீராய் ஓடியது, மேலண்ணம் அரித்தது, கண்கள் சிவந்து வீங்கின. புதுப்பெண்ணின் கண்களைப் பார்த்தவர்கள் கொஞ்சக் காலம் ஹாஷிமை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று இறைவனைப் புகழ வேண்டும். அதைக் காதில் வாங்கியவர் ‘யர்ஹமுகில்லாஹ்’, அல்லாஹ் உனக்கு இரக்கம் காட்டட்டும் என்று பதில் சொல்ல வேண்டும். ஓதப் போன நாளிலேயே படிந்த வழக்கம் இது. ஆனால் புதுப்பெண்ணின் குரல் கடைக்குக் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டின் வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் தொங்கியது. ஆகவே றம்லத் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துத் தும்மினாள், புகழ்மொழியைப் பல்லுக்குள்ளேயே சொன்னாள். கேட்காத சொல்லுக்கு யார் பதில் தருவது? பதில் கிடைக்காத தும்மல் வீட்டை விட்டுப் போவதில்லை. மூடிய இடமாகப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும், திறந்தால் வெளியே வந்து ஒருமுறை ஒலித்துவிட்டு அடுத்த மூடிக்குள் புகுந்துகொள்ளும். இது அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் அரிசிப் பெட்டி தும்மியது. பிறகு சீனி டின். ஹாஷிமின் மூத்த சகோதரி பாயிஸாவின் வெற்றிலைப் பெட்டி அவள் முகத்துக்கு நேராகவே தும்மியது. பாயிஸா இளம் வயதில் கைம்பெண்ணாகி, தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. ஓதிய தண்ணீரை மூலைக்கு மூலை தெளித்தாள். சாம்பிராணி போட்டாள், புகையில் றம்லத் இன்னும் அதிகமாகத் தும்மினாள், வீட்டில் பாக்கியிருந்த பானைகளும் தும்மலால் நிறைந்தன. பக்கத்து வீட்டு இராஜகுமாரி, தபால் கந்தோர் கிளாக்கரின் மனைவி, நொச்சி இலைக் கட்டை வேலிக்கு மேலாக நீட்டிக்கொண்டே சிரித்தாள்: “என்னா றம்லத்து, வெத்தலப் பொட்டிக்கும் சளி புடிச்சிருச்சாமே? ஆவி ஒனக்குப் புடிக்கிறதா, பொட்டிக்குப் புடிக்கிறதா?” றம்லத்துக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தும்மல் வரும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஹாஷிம் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஓர் அப்போதிக்கரியிடம் காட்டினான். புல்லுப் பூவின் தூள்தான் காரணம், பின்ஜன்னலைச் சாத்துங்கள், படுக்கப் போகுமுன் தலைமுடியைக் கழுவச் சொல்லுங்கள், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். ஹாஷிம் அதிகம் பேசாதவன். வீடு திரும்பியதும் கடையிலிருந்த மெல்லிய மல் துணியில் நல்லதாகப் பார்த்துக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, பின்ஜன்னலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். துணி காய்ந்த போதெல்லாம் யாவாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நனைத்துவிட்டுப் போனான். அந்த ஈரத் துணியின் அருகே பாயைப் போட்டு றம்லத் பல நாட்களுக்குப் பிறகு மூக்கால் மூச்சு விட்டு உறங்கினாள். இந்த மனுஷனை விட்டுப் போகும்படி மட்டும் ஆகிவிடக் கூடாது என்று விழிக்கும்போது நினைத்துக்கொண்டாள்.

கல்யாணக் குடும்பம் எழுந்துபோன செய்தி கடுகண்ணாவை வரைக்கும் போய்விட்டது. சேலை எடுக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களுக்கு முன்னால் எந்தச் சுருளை விரித்தாலும் அது தும்மியது. பாயிஸா ஒரு காலைச் சாப்பாட்டில் முடிவைச் சொன்னாள்.

“புல்லுக் காயும் மட்டும் புள்ள உம்மா ஊட்டுல இரிக்கட்டும். பொறகு பாப்பம்.”

ஹாஷிம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாத்தாவுக்கு, தன்னை வளர்த்த அக்காவுக்கு, அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. றம்லத் அவனுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். புல் வருஷா வருஷம் பூக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு என்று தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டு, தகரப்பெட்டி துருப்பிடிக்கும் வரை அழைப்பு வராத பெண்களையும் வத்தேகமயில் அவளுக்குத் தெரியும்.

கண்டி ரயில் நிலையம் வரை போக மாட்டுவண்டி வந்தது. றம்லத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். அவளுடைய பெட்டியைத் தூக்கி வைத்தபோது அதுவும் உள்ளுக்குள் தும்மியது. கடை வாசலில் ஹாஷிம் துணி அளக்கும் கஜக்கோலைப் பிடித்தபடி நின்றான், தெருவில் நின்ற ஆண்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து ஒரு காற்று இறங்கியது. முந்தானையைச் சுருட்ட றம்லத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. மாடுகள் காதை உயர்த்தும்படி தும்மினாள். வண்டிக்காரர் கயிற்றைக் கீழே போட்டார்.

“புறப்படுறப்பவே தும்மிட்டாங்க. இனி நா வண்டிய எடுக்க மாட்டேன், மொதலாளி கோச்சுக்கிட்டாலும் சரி.”

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று றம்லத்துக்குத் தோன்றியது. கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, வாய் நிறைய, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். அந்த ஊர் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹாஷிம் யோசிக்கவில்லை, பிள்ளைப் பருவத்திலிருந்து நாக்கில் இருந்தது தானாக வந்தது.

“யர்ஹமுகில்லாஹ்.”

வண்டிக் கூடாரத்தின் பின்திரை தூக்கிக்கொண்டது. தும்மல் இறங்கி, புழுதியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, தேநீர்க்கடைப் பெஞ்சுக்கு அருகே ஒரு திரும்பல் திரும்பி, கொழும்பு ரோட்டோடு மேற்கே போனது. எல்லாரும் அது போகிற வரைக்கும் பார்த்தார்கள். “அட, போகுதே!” என்றாள் வேலியடியில் நின்ற இராஜகுமாரி.

“பொம்புளட சத்தம் பஸார் முழுக்கக் கேட்டிச்சே!” என்று பாயிஸா திரைக்குப் பின்னாலிருந்து நெஞ்சில் கை வைத்தாள்.

“கேக்கத்தான் வேணும் லாத்தா,” என்றான் ஹாஷிம். “கேட்டாத்தானே பதில் சொல்ல ஏலும்.” பிறகு வண்டியருகே போய் றம்லத்தின் பெட்டியைத் தானே இறக்கினான்.

கடையை அடைத்துவிட்டு இருவரும் வீட்டைத் திறந்தார்கள். ஒவ்வொரு மூடியாக, ஒவ்வொரு சுருளாக. தும்மல் வெளியே வரும், அவள் புகழ்வாள், அவன் பதில் சொல்வான், அது வாசல் வழியாகப் போய்விடும். அரிசிப் பெட்டியிலிருந்தவை தூசியோடு போயின, வெற்றிலைப் பெட்டியிலிருந்தது சுண்ணாம்பு மணத்தோடு போனது. உறங்கும் அறை அலுமாரியின் கடைசி இழுப்பறையை இழுத்தபோது வந்தது தும்மல் அல்ல. மெல்லிய ஒரு விம்மல். கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் புல்லுத் தூள் என்று அவள் சொல்லிவந்த நாட்களில், ஒரு நாளையது. றம்லத் தலையைக் குனிந்துகொண்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஹாஷிமுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவன் இழுப்பறையை மூடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அதற்குள் அதுவும் போய்விட்டிருந்தது.

புல் பூப்பதை எவராலும் நிறுத்த முடியவில்லை. மாடுகளைக் கட்டி மேயவிட்டார்கள், வெட்டிப் பார்த்தார்கள். அடுத்த மழையோடு அது திரும்ப வந்தது. தை தோறும் றம்லத்தின் மூக்கு ஓடியது, ஈர மல் துணி ஜன்னலில் ஏறியது, மாலையில் தலைமுடி கழுவப்பட்டது, கொத்தமல்லித் தண்ணீர் கொதித்தது. மழை வரும் நாளில் அவள் பின்வாசலில் போய் நின்று நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள். தும்மல்கள் முன்போல் வந்தன, ஆனால் தங்கவில்லை. அவை தங்காததால் கடை நடந்தது. கஜக்கோலோடு இருந்தாலும் சோற்றில் கை வைத்திருந்தாலும் ஹாஷிம் பதில் சொன்னான்.

“மூணு தரத்துக்கு மேல தும்மினா அது சளித் தடிமல். பதில் தேவல்ல,” என்று பாயிஸா சட்டம் சொன்னாள்.

“தேவல்லதான் லாத்தா. சும்மா சொல்றன்,” என்றான் அவன்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்; இருவரும் பேசத் தொடங்கும் முன்பே தகப்பனின் பதிலைச் சொல்லப் பழகினார்கள். சாமான்கள் விலை ஏறி இறங்கின, ரோட்டில் பஸ்கள் ஓடத் தொடங்கின. முப்பத்தைந்தாம் வருஷம் மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாக ஏறியபோது ஹாஷிமும் விழுந்தான். பிழைப்பானா என்பதே தெரியவில்லை. வாயில் பேச்சு இல்லை. புல் அந்த வருஷமும் பூத்தது. றம்லத் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து தும்மலை அடக்கப் பார்த்தாள். காய்ச்சல்காரன் படுத்த அறையில், அவனுடைய போர்வைக்குள், மருந்துப் போத்தலுக்குள் அது போய்த் தங்கிவிடுமோ என்று பயந்தாள். அடக்க முடியவில்லை. அவள் தும்மிப் புகழ்ந்ததும் குசினியிலிருந்து, சட்டியைக் கிண்டும் சத்தத்துக்கு மேலாக, பாயிஸாவின் குரல் கேட்டது: “யர்ஹமுகில்லாஹ்.” நாலாவதுக்கும் கேட்டது. ஐந்தாவதுக்கு, “அடக்காம தும்மு புள்ள, நான் இரிக்கன்தானே,” என்றும் கேட்டது. வேலிக்கு அப்பாலிருந்து இராஜகுமாரி “நூறு வயசு!” என்றாள், ரோட்டுக்கு எதிரே தேநீர்க்கடைச் சிங்களவர் தலையை நிமிர்த்தாமலே “ஆயுபோவேவா”, ஆயுள் நீளட்டும் என்றார். தும்மல்கள் எந்தப் பதிலையும் மறுக்கவில்லை, ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின.

மாசிக் கடைசியில் ஹாஷிம் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான், கஞ்சி கேட்டான். அதற்குப் பிறகும் அந்த ஊரில் தை மாதங்கள் அப்படியேதான் போயின. பிலிமத்தலாவைக்கு மேற்கே ரோட்டில் நடப்பவர்கள், பின்னாலிருந்து புழுதியில் ஒரு கோடு வருவதைக் கண்டால், துணிக்கடைப் பெண்ணின் தும்மல் என்று சற்று ஓரமாக நின்று, அது கடந்து போனதும் நடையைத் தொடர்ந்தார்கள்.