ஒன்பதரை மணி நேரம்

டாக்ஸிக் கதவைத் திறந்தவன் பெட்டியை உள்ளே வைக்கவில்லை. "நீங்க வேற சவாரி பாருங்கண்ணே" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, விமான நிலையத்துக்குள் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். மணி ஒன்று. வீடு முக்கால் மணி நேரத் தூரம். அப்பாவை மூன்று மணிக்கு எடுப்பதாக அக்கா நேற்று போனில் சொல்லியிருந்தாள்.

"உனக்குத்தான் வர ரெண்டு நாள் ஆகுமே. அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாதுடா."

அவனும் "ம்" கொட்டினான்.

அந்த இரண்டு நாள் அவன் கட்டிவிட்ட கதை. வெளிநாட்டு வேலைக்கு முதல் தடவை போனபோது உண்மையாகவே விமானம் மாறி, நடுவில் ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடந்தான். பிறகு நேர் விமானம் வந்துவிட்டது. ஒன்பதரை மணி நேரம். சொன்னால் அடிக்கடி வரச் சொல்வார்களே என்று வாயைத் திறக்கவில்லை. அப்பா முப்பது வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். "மொத்தம் எத்தனை மைல்? நடுவுல எங்க நிறுத்துவான்?" என்று துருவுவார். போன மாதம் படுக்கையில் விழுந்த பிறகு ஒருமுறை, "ஒரு எட்டு வந்துட்டுப் போறியாப்பா?" என்றார்.

"போக வரவே நாலு நாள் போயிடும்ப்பா."

"ஆமாமா, தூரந்தான்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

நேற்று செய்தி வந்ததும் எதையும் யோசிக்காமல் கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டான். இறங்கிய பிறகுதான் உறைத்தது. இப்போது போய் நின்றால், அத்தனை பேர் முன்னாலும் குட்டு உடைந்துவிடும்.

நான்கு மணி தாண்டிய பிறகே எழுந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு மணிக்கே இறங்கியிருப்பியே?"

"இல்லக்கா, நடுவுல பிளேன்..."

"வேண்டாம்டா." குரலில் கோபம்கூட இல்லை. "அப்பாவுக்கு எப்பவோ தெரியும். டிக்கெட் போடற கடையில போய், நேர் பிளேன் இருக்கு, ஒரு மணிக்கு இறங்கும்னு விசாரிச்சிட்டு வந்தார். அவனா சொல்லட்டும், நீ கேட்டு வைக்காதேன்னார்."

அவன் வாசல்படியிலேயே நின்றான்.

"மூணு மணிக்கு எடுக்கணும்னு எல்லாரும் பறந்தாங்க. அவரோட கூட வேலை பார்த்த கண்டக்டர் இன்னும் வரலைன்னு ஒரு பொய்யைச் சொல்லி, நாலு மணி வரைக்கும் நான்தான் பிடிச்சு வெச்சிருந்தேன்."

பக்கத்து வீட்டுத் தையல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அடடே, தம்பியா! ரெண்டு நாள் ஆகும்னாங்க?"

அவன் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆமாண்ணே. எப்படியோ அடிச்சுப் பிடிச்சு வந்துட்டான். ரொம்ப தூரமாச்சே."

"பாவம், இவ்ளோ தூரம் வந்தும் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கலையே" என்று தையல்காரர் அவன் தோளைத் தட்டினார்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவன் வாசலுக்கு வந்து, வரிசையாகப் போட்டிருந்த வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தான். ஒன்று மட்டும் மடங்கவில்லை. அதோடு வெகுநேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.